ஹுவா ஹின் கடற்கரையில் ஒரு தாய்லாந்துக் கல்யாணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன பிப்ரவரியில் என் நாத்தனாருக்கு ஹுவா ஹின் கடற்கரையில் கல்யாணம் நடந்தது. கணவர் வீட்டார் பாங்காக்கில் இருப்பவர்கள், நான் மதுரைப் பக்கம். காலையில் தாய்லாந்து முறைப்படி சடங்கு, சாயங்காலம் மணலில் நறுவிசான ஒரு விருந்து என்று ஏழு மாதத்துக்கு முன்பே பேசி முடிவெடுத்தோம். வீட்டு மருமகள் என்பதால் பாதி வேலை என் கையில்தான் இருந்தது. படங்களைப் பார்த்த சொந்தக்காரர்கள், தோழிகள், அவர்கள் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் என்று இன்றுவரை கேள்விகள் நின்றபாடில்லை. தாய்லாந்தில் கல்யாணம் வைக்க நினைப்பவர்களுக்கும், அழைப்பு வந்து கிளம்பப் போகிறவர்களுக்கும் சேர்த்து எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரே நாளில் என்னென்ன நடக்கும்?

காலை ஏழு மணிக்குப் பிக்குகள் வந்து ஓதுவார்கள். அவர்களுக்கு உணவு படைத்து முடிந்ததும் மாப்பிள்ளை ஊர்வலம். எங்கள் வீட்டில் அது 9 மணி 9 நிமிடத்துக்குக் கிளம்பியது. தாய்லாந்து மொழியில் ஒன்பதுக்கு 'காவ்' என்று பெயர். அடியெடுத்து முன்னேறுவதற்கும் அதே ஒலிதான். அதனால் அந்த நேரத்தைத் தேடிப் பிடித்து வைக்கிறார்கள். பிறகு வாசல் மறியல், பரிசப் பணம் எண்ணுவது, மோதிரம், பெற்றோரை வணங்கி ஆசி வாங்குவது, கடைசியாகச் சங்குநீர் வார்ப்பது. மதியச் சாப்பாட்டோடு சடங்கு முடிந்துவிடும். எல்லோரும் அறைக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்கு வருவார்கள்.

சடங்கு, விருந்து இரண்டையும் மணலிலேயே செய்யலாம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காலைச் சடங்கில் எல்லோரும் தரையில் உட்கார வேண்டும், பெரியவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் அந்த வெயில் தாங்காது. கடல் கண்ணில் படுகிற மாதிரி, நிழலான ஒரு திறந்த மண்டபம் போதும். அதை அங்கே 'சாலா' என்கிறார்கள். நம் சாலைதான், பழைய பொருளில்.

ஏன் ஹுவா ஹின்? புக்கெட், கிராபி அழகாக இருக்காதா?

அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் கணக்கில் முதலில் வந்தவர்கள் பெரியவர்கள். ஹுவா ஹின் பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரம், ரயிலும் உண்டு. 86 வயது யாயை விமானத்தில் ஏற்றி இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. (அம்மாவின் அம்மாவை அங்கே 'யாய்' என்று கூப்பிடுகிறார்கள். சங்கத் தமிழில் யாய் என்றால் தாய். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.) பாங்காக் குடும்பங்களுக்கு ஹுவா ஹின் மூன்று நான்கு தலைமுறையாகப் பழகிய கடற்கரை. 1920களில் ஏழாம் ராமா மன்னர் அங்கே ஓர் அரண்மனை கட்டினார். அதன் பெயர் 'கிளாய் காங்வொன்', அதாவது கவலைக்கு வெகுதூரம்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: ஹுவா ஹின் கிழக்குப் பார்த்த கரை. சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் அஸ்தமிக்காது. கடலுக்குள் சூரியன் இறங்குகிற அந்தப் படம்தான் வேண்டும் என்றால் அந்தமான் கடல் பக்கம் போக வேண்டும், அதாவது புக்கெட், கிராபி, காவ் லாக். சமுய் தீவில் மேற்குக் கரையில் இடம் பிடித்தால் கிடைக்கும், அங்குள்ள சாவெங் கடற்கரை கிழக்குப் பக்கம். எங்களுக்குக் காலைச் சடங்குதான் முக்கியம் என்பதால் கிழக்கு ரொம்பப் பொருத்தமாக அமைந்தது. பிக்குகள் ஓதத் தொடங்கியபோது வெயில் கடல்மேல் பட்டு மண்டபத்துக் கூரையில் அலையாடிக்கொண்டிருந்தது.

காவ் லாக் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. அது தகுவா பா வட்டாரம். அங்கேதான் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. 'அவனி நாரணம்' என்ற குளத்தையும் அதைக் காக்கும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் அது சொல்கிறது. நம் வணிகர்கள் 1,100 வருடத்துக்கு முன்பே அந்தக் கரையில் குளம் வெட்டி வாழ்ந்திருக்கிறார்கள்.

எந்த மாதத்தில் வைக்கலாம்?

இது கரையைப் பொறுத்தது. அந்தமான் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, அலையும் பெரிது. சமுய் இதற்கு மாறானது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அங்கே கொட்டும், அதிலும் நவம்பர் மோசம். நவம்பரில் புக்கெட்டுக்குச் சரி என்று படித்துவிட்டுச் சமுயில் முன்பணம் கட்டியவர்கள் உண்டு. ஹுவா ஹின்னுக்கு அக்டோபரைத் தவிர்த்தால் பெரிய கவலை இல்லை. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் புத்தாண்டு. சாலை முழுக்க நெரிசல், வெயிலும் உச்சம்.

நம்பிக்கை என்று பார்த்தால், அவர்களுடைய சந்திர மாதத்தில் இரட்டைப்படை மாதங்கள் ஜோடிக்கு நல்லது. பிக்குகள் விகாரையிலேயே தங்கும் மழைக்கால நோன்பு ஏறத்தாழ ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வரும்; அந்த மூன்று மாதமும் பழைய குடும்பங்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கிழமையில் வெள்ளிக்கு மவுசு. வெள்ளிக்கிழமைக்கு 'வன் சுக்' என்று பெயர், சுக்கிரனிடமிருந்து வந்தது. சுகத்துக்கும் அங்கே 'சுக்' என்றுதான் சொல்கிறார்கள். செவ்வாய், புதனைத் தவிர்ப்பவர்கள் நிறைய.

பிக்குகள்தான் கல்யாணத்தைச் செய்துவைக்கிறார்களா?

இல்லை. பௌத்தத்தில் கல்யாணம் உலக விஷயம். பிக்குகள் வருவது ஓதி ஆசி சொல்வதற்கும், அந்த ஜோடி சேர்ந்து புண்ணியம் தேடிக்கொள்வதற்கும்தான். பெரும்பாலும் ஒன்பது பேரை அழைப்பார்கள். புத்தர் சிலையிலிருந்து ஒரு வெள்ளைநூல் கிளம்பி, ஒவ்வொரு பிக்குவின் கையிலும் பட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி முடியும். பாலி மொழியில் ஓதும் குரல் அந்த நூல் வழியே தண்ணீருக்குள் இறங்குவதாக நம்பிக்கை. பிறகு சங்கில் வார்ப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

சோறு படைக்கும்போது இருவரும் ஒரே கரண்டியைப் பிடிக்க வேண்டும். யார் கை மேலே இருக்கிறதோ அவர் பேச்சுதான் வீட்டில் எடுபடும் என்று சுற்றி நிற்பவர்கள் கூச்சல் போடுவார்கள். எங்கள் நாத்தனார் கை மேலேதான் இருந்தது, மாப்பிள்ளை தானாகவே கீழே இறக்கிக்கொண்டார்.

பிக்குகள் பெண்களைத் தொடக் கூடாது. ஆனால் மணமக்கள் நெற்றியில் சுண்ணமாவால் மூன்று புள்ளி வைக்க வேண்டும். அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? மூத்த பிக்கு மாப்பிள்ளை நெற்றியில் தானே வைத்துவிட்டு, அப்புறம் மாப்பிள்ளையின் விரலைப் பிடித்து, அந்த விரலால் பெண்ணின் நெற்றியில் வைக்கிறார். அன்றைக்கு எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் நான் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்த ஒரு படத்தைத்தான்.

நடைமுறை விஷயம்: பிக்குகளின் இருக்கை மற்றவர்களைவிட உயரமாக இருக்க வேண்டும், அவர்கள் நண்பகலுக்கு முன் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அவர்கள் கிளம்பும்வரை மது கண்ணில் படக் கூடாது.

மாப்பிள்ளை ஊர்வலம் எப்படி இருக்கும்?

அதற்குப் பெயர் 'கன் மாக்'. கன் என்றால் கிண்ணம், மாக் என்றால் பாக்கு. ஆக, பாக்குத் தாம்பாளம். நம் ஊரில் தாம்பூலம் மாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நீண்ட மத்தளம், ஆட்டம். ஒருவர் 'ஹோ...' என்று இழுக்க, கூட்டம் முழுக்க 'ஹியூ' என்று பதில் கொடுக்கும். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு, பலகாரம், பழம், பணம், தங்கம் என்று தட்டு தட்டாகத் தூக்கி வருவார்கள். இரண்டு வாழைக்கன்றும் இரண்டு கரும்பும் கட்டாயம் உண்டு. கரும்பு சுமந்துகொண்டு கடலோரமாக நடந்துவந்த அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் பொங்கல் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

பெண் வீட்டு வாசலில் வழி மறிப்பார்கள். வெள்ளி வாசல், தங்க வாசல் என்று வரிசையாக, ஒவ்வொன்றிலும் பெண்ணின் உறவுக்காரர்கள் இரண்டு பேர் சங்கிலியையோ ஒட்டியாணத்தையோ குறுக்கே பிடித்து நிற்பார்கள். மாப்பிள்ளை உறை கொடுத்தால்தான் விடுவார்கள். தங்க வாசலில் நானும் என் ஓரகத்தியும் நின்றோம். எனக்குத் தெரிந்த வம்பையெல்லாம் பேசினேன். மாப்பிள்ளை பத்து தண்டால் எடுத்த பிறகுதான் சங்கிலியைத் தாழ்த்தினோம்.

கடற்கரை விடுதியில் வைக்கிறவர்கள் ஊர்வலத்தை ஈரமணலில் வையுங்கள், கால் புதையாது. அந்தமான் கரையாக இருந்தால் அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் கேட்டுக்கொண்டு வழியைத் தீர்மானியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே தண்ணீர் இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்கும். காலையில் பார்த்த மணல் மதியம் இருக்காது.

'சின் சொட்' என்றால் வரதட்சணையா?

திசை நேர் எதிர். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கொடுப்பது. நம் பக்கத்தில் முன்பு 'பரிசம் போடுவது' இருந்ததே, அதேதான். வளர்த்ததற்கு நன்றி என்று சொல்வார்கள். தொகையை இரு வீட்டாரும் முன்கூட்டியே பேசிவிடுவார்கள். அத்தோடு 'தொங் மன்', நிச்சயத் தங்கம். தங்கத்தை அங்கே பாட் என்ற எடையில் பேசுவார்கள். நகையில் ஒரு பாட் என்பது 15.16 கிராம், ஏறத்தாழ நம் இரண்டு பவுன். அவர்கள் தங்கம் 96.5 சதவீதம், நம் 22 காரட்டைவிடச் சுத்தம். மஞ்சள் நிறம் தூக்கலாக இருப்பதைப் பார்த்துச் சித்தி கவரிங் என்று நினைத்துவிட்டார்.

பணத்தைச் சபையில் விரித்து எண்ணிக் காட்டி, அதன்மேல் அரிசி, எள், பயறு, பூவிதழ் தூவுவார்கள். விதைபோல முளைத்துப் பெருக வேண்டும் என்று. பிறகு துணியில் மூட்டையாகக் கட்டி, பெண்ணின் அம்மா தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். தூக்கும்போது கனம் தாங்காமல் தள்ளாடுவதுபோல நடிக்க வேண்டும் என்பது முறை. என் மாமியார் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஐயோ முடியலையே, யாராவது பிடிங்களேன்" என்று நாலு அடி தள்ளாடினார் பாருங்கள், சபையே எழுந்து நின்று கைதட்டியது.

பல பெற்றோர் இந்தப் பணத்தைப் பின்னால் ஜோடியிடமே கொடுத்துவிடுகிறார்கள். என் மாமியாரும் அப்படித்தான் செய்தார். ஆனாலும் இது சிலருக்கு உறுத்தலான பேச்சுதான். வெளிநாட்டுச் சம்பந்தம் என்றால் கூச்சப்படாமல் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். மேடையில் எண்ணும் தொகை ஒன்று, வீட்டில் பேசியது ஒன்று என்று இருந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கல்யாணத்தில் சங்கா? எங்கள் ஊரில் சங்கு ஊதினால் வேறு அர்த்தமாயிற்றே?

என் அம்மாவும் இதையேதான் கேட்டார். படத்தில் சங்கைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, நல்ல காரியத்தில்?" என்று தொலைபேசியிலேயே பதறினார். கோயிலில் சங்காபிஷேகம் செய்வதில்லையா, வலம்புரிச் சங்கைப் பூஜையில் வைப்பதில்லையா, அதுபோல என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். இங்கே சங்கை ஊதுவதில்லை, அதில் நீர் எடுத்து வார்க்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்தக் கல்யாணத்தின் உயிரே இந்தச் சடங்குதான். ஜோடி ஒரு தாழ்ந்த மேடையில் மண்டியிட்டு, முழங்கைகளைத் திண்டில் ஊன்றி, கைகூப்பி முன்னால் சாய்ந்திருப்பார்கள். பெண் மாப்பிள்ளைக்கு இடது பக்கம். இருவர் தலையிலும் வெள்ளைநூலால் ஆன வளையம். ஒரே நூலில் திரித்த இரண்டு வளையங்கள், நடுவில் அதே நூல் தொடுத்திருக்கும். அதன் பெயர் 'மொங்கொன்', மங்கலம் என்ற சொல்தான். கூப்பிய கைகளுக்குக் கீழே பூ நிறைந்த கிண்ணம். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, சங்கில் நீரெடுத்து, இருவர் கையிலும் வார்த்து, குனிந்து காதருகே ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். சத்தம் இருக்காது, ஒலிபெருக்கி இருக்காது. தண்ணீர் விழும் சத்தமும் அலைச் சத்தமும் மட்டும்.

யாயின் கை நடுங்கியது. பாதித் தண்ணீர் பெண்ணின் பட்டில் சிந்திவிட்டது. துடைக்க ஓடிவந்த ஒப்பனைக்காரப் பெண்ணை நாத்தனார் கண்ணாலேயே நிறுத்தினாள். அந்த ஈரத் திட்டோடுதான் மதியம்வரை இருந்தாள்.

இந்தச் சடங்கு பௌத்தத்திலிருந்து வந்ததல்ல, பிராமணச் சடங்கு வழி வந்தது. பாங்காக்கில் 'பெரிய ஊஞ்சல்' என்ற பழைய சின்னத்தின் பக்கத்தில், 1784இல் கட்டிய 'தேவஸ்தானம்' என்ற இந்துக் கோயில் இருக்கிறது. அரச பிராமணர்கள் இன்றும் அங்கே பூஜை செய்கிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அவர்கள் நடத்தும் விழாவுக்குத் 'திரியம்பவாய்' என்று பெயர். திருவெம்பாவை என்ற பெயர்தான் அப்படி மருவியது. அந்தப் பாடல்களை அவர்கள் இன்னும் காப்பாற்றி வருகிறார்கள். இதைச் சொன்ன பிறகு அம்மா எதற்கும் மறுபேச்சு பேசவில்லை.

இந்தச் சடங்குக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

நாங்கள் சறுக்கியது இங்கேதான், அதனால் தனியாகவே சொல்கிறேன். ஒருவருக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் 80 பேருக்கு 40 நிமிடம். விடுதி ஒருங்கிணைப்பாளர் தந்த அட்டவணையில் 20 நிமிடம்தான் போட்டிருந்தார். நாங்களும் கவனிக்காமல் தலையாட்டிவிட்டோம். வரிசையில் பாதிப்பேர் நிற்கும்போதே, "மீதிப்பேர் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா, சாப்பாடு ஆறுகிறது" என்று வந்து கேட்டார். என் மாமனார், "சாப்பாடு ஆறட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை சொல்லி மாளாது. மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்த கிழவர்களுக்கு அந்த அரை நிமிடத்தைக்கூடக் கொடுக்க முடியாவிட்டால் சடங்கு எதற்கு?

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நிற்பவர்களுக்கு நாற்காலி, விசிறி, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். ஜோடிக்கு முழங்காலுக்குக் கீழே தடித்த திண்டு அவசியம்.

என்ன உடுத்துகிறார்கள்?

பெண்ணுக்குச் 'சுட் தாய்'. இடுப்பில் முன்கொசுவம் வைத்த பட்டு, மேலே ஒரு தோளில் 'சபாய்' என்ற மேலாடை. இதில் பல வகை உண்டு. 1960இல் ராணி சிரிகிட் வெளிநாட்டுப் பயணம் போகும்போது, பழைய அரண்மனை உடைகளை ஆராயச் சொல்லி வகைப்படுத்தியவை எட்டு. சக்ரி, சிவாலை, பொரொம்பிமான் என்ற பெயர்கள் அதில் வந்தவைதான். பெண்கள் கல்யாணத்துக்கு எடுப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்று. மாப்பிள்ளைக்கு நிமிர்ந்த கழுத்துப்பட்டி வைத்த வெள்ளைச் சட்டை, கீழே 'சோங் கிரபேன்'. அதைப் பஞ்சகச்சத்தின் தம்பி என்று சொல்லலாம், முன்முனையைச் சுருட்டிக் கால்களுக்கிடையே எடுத்துப் பின்னால் செருகுவார்கள்.

கடற்காற்றில் சபாய் பறக்கும். உள்ளே இரண்டு இடத்தில் தைத்துவிடச் சொல்லுங்கள், ஊக்கை மட்டும் நம்ப வேண்டாம். புக்கெட்டில் வைக்கிறவர்கள் அந்த ஊர் 'பாபா' குடும்பங்களின் (சீன வம்சாவளிக் கலப்புக் குடும்பங்கள்) கெபாயா உடையையும் யோசிக்கலாம். ரொம்ப நுணுக்கமான வேலைப்பாடு. 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் கெபாயா இடம்பெற்றது.

விருந்தாளிகள் கறுப்பு உடுத்த வேண்டாம். அழைப்பிதழிலேயே நிறம் குறித்திருப்பார்கள். பட்டுச்சேலை தாராளமாகக் கட்டலாம். என் அத்தையின் காஞ்சிப்பட்டைத் தொட்டுப் பார்க்காத கிழவிகள் பாக்கி இல்லை.

பூ அலங்காரத்துக்கு என்ன செய்தீர்கள்?

மல்லிகை, தாமரை, எருக்கு, வாடாமல்லி. எருக்கா என்று புருவம் உயர்த்த வேண்டாம். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே எருக்குதான். தாய்லாந்து மொழியில் அதன் பெயர் 'டோக் ரக்', 'ரக்' என்றால் அன்பு. அதனால் கல்யாண மாலையில் கட்டாயம் வைத்துக் கட்டுகிறார்கள். மெழுகில் செய்ததுபோன்ற அந்த வெள்ளைப் பூவைக் கிரீடம் கிரீடமாகப் பிரித்துக் கோக்கும்போது பார்க்க வேண்டும், முத்துமாலை தோற்றுவிடும். வாடாமல்லிக்கும் அவர்கள் மொழியில் என்றும் வாடாது பூத்திருப்பது என்றுதான் பொருள். இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியாக ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்! தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்மடித்து வைப்பது தனிக்கலை. முந்தைய நாள் ராத்திரி மாமியாரின் தங்கைகள் நால்வர் உட்கார்ந்து இருநூறு மொட்டு மடித்தார்கள்.

சாயங்கால விருந்தை நவீனமாக, ஆனால் ஒட்டாமல் தெரியாதபடி எப்படி அமைத்தீர்கள்?

புதிதாக எதையும் கொண்டுவந்து கொட்டவில்லை. காலையில் இருந்தவற்றையே குறைத்து வைத்தோம், அவ்வளவுதான். மணல் நிறம், வெள்ளை, வாழையிலைப் பச்சை என மூன்றே நிறம். நீண்ட மேசைகள், நடுவில் வாழையிலை மடித்துச் செய்த சின்னக் கூம்புகள், காலையில் கட்டிய மாலைகளில் மீதி. உயரமான வளைவு எதுவும் வைக்கவில்லை. பிப்ரவரிக்கு மேல் ஹுவா ஹின்னில் பிற்பகல் காற்று பலமாக அடிக்கும். காற்றாடி கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்குகிறவர்கள் அதற்காகவே வருகிறார்கள். மெழுகுவத்திகளை உயரமான கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தும் ஒன்றிரண்டு அணைந்தன. நடக்க மரப்பலகைப் பாதை போட்டோம், குதிகால் செருப்புக்காரர்கள் வாழ்த்தினார்கள்.

பெண் சாயங்காலம் மாற்றியது எளிமையான வெள்ளைப் பட்டு நீளங்கி. இடுப்பில் மட்டும் அவள் பாட்டியின் பழைய வெள்ளி ஒட்டியாணம். அது போதுமாயிருந்தது. மேடையில் வாழ்த்துநடனம் ஒன்று ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு கித்தார், ஒரு குரல்.

புத்தர் சிலையை, தலையை, மேசை அலங்காரமாக வைக்கவே கூடாது. அங்கே அது பெரிய அவமரியாதை. எங்கோ படத்தில் பார்த்து யாராவது யோசனை சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

வானத்தில் விளக்குக் கூண்டு விடலாமா?

விட வேண்டாம். விமான நிலையப் பக்கங்களில் தடை உண்டு, எரிந்து விழுவது கடலில்தான். பலூனும் அப்படியே. காவ் லாக், புக்கெட் பக்கம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தோணியாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம், அதுவேதான் கல்யாணக் காலமும். கடலைப் பார்த்து வெள்ளொளி விளக்குப் போடாமல், தாழ்வாக மஞ்சள் விளக்கு வைக்கச் சொல்லுங்கள். தாய்லாந்தில் கடற்கரை பொதுநிலம், விடுதிக்குச் சொந்தமல்ல. எந்த மணல்வரை மேசை போடலாம், இசை எத்தனை மணிவரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

தெளிவாகச் சொல்லாவிட்டால் எல்லாவற்றிலும் மீன்சாறு இருக்கும், காய் வதக்கலில் சிப்பிச்சாறு. 'ஜே' என்று சொன்னால் பூண்டு, வெங்காயம்கூட இல்லாத முழுச்சைவம். 'மங்சவிரட்' என்றால் மாமிசம் இல்லை, முட்டை இருக்கலாம். எங்கள் பக்கத்து 22 பேருக்கும் 'ஜே' என்று சொல்லிவிட்டோம், தேங்காய்ப்பால் குழம்பும் காளானும் தீர்ந்துபோய்த் திரும்ப வைத்தார்கள்.

பலகாரத்தில் முட்டை மஞ்சள்கரு தாராளம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'தொங் யிப்', 'தொங் யொட்', 'ஃபொய் தொங்' மூன்றும் அப்படித்தான். 'தொங்' என்றால் தங்கம், அதனால் கல்யாணத்தில் முதலிடம். 17ஆம் நூற்றாண்டில் பழைய தலைநகர் அயுத்தியாவில் போர்த்துக்கீசியர் வழியாக வந்தவை இவை. மரியா குயோமார் என்ற பெண்மணியின் பெயரை இதில் சொல்வார்கள். ஃபொய் தொங் நீளமான பொன்னிழை. அதைப் பரிமாறும்போது வெட்டக் கூடாது, உறவு நீள வேண்டுமாம். முட்டை வேண்டாதவர்களுக்கு 'கனொம் சன்', ஒன்பது அடுக்கு அரிசிமாவுப் பலகாரம். தேங்காய்ப்பால் மணக்கும்.

மொய் உண்டா?

உண்டு. அழைப்பிதழ் வந்த உறையிலேயே பணம் வைத்து, பெயர் எழுதி, வரவேற்பில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். ஒன்பதில் முடிகிற தொகையைச் சிலர் விரும்புவார்கள். உறை போட்டதும் சின்ன நினைவுப்பொருள் கையில் தருவார்கள்.

சட்டப்படி இந்தக் கல்யாணம் செல்லுமா?

சடங்கு மட்டும் செய்தால் செல்லாது. மாவட்டப் பதிவு அலுவலகத்தில் (அங்கே 'அம்பே' என்பார்கள்) பதிந்தால்தான் கல்யாணம். வெளிநாட்டவர் என்றால், மணம் செய்யத் தடையில்லை என்று தம் தூதரகத்தில் கடிதம் வாங்கி, தாய்லாந்து மொழியில் பெயர்த்து, அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தில் சான்று பெற வேண்டும். சில நாட்கள் ஆகும். கல்யாண வாரத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். இருவருமே வெளிநாட்டவர் என்றால் சொந்த நாட்டில் பதிந்துவிட்டு, தாய்லாந்தில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்வது நிம்மதி. 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவரும் தாய்லாந்தில் சட்டப்படி மணக்கலாம், தென்கிழக்கு ஆசியாவில் முதல் நாடு. மாமனாரின் நண்பர் வீட்டில் இரண்டு பெண்கள், பதினெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், அந்த முதல் வாரத்திலேயே போய்ப் பதிந்துகொண்டார்கள்.

விருந்தாளியாகப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தை என்றாலும். உட்காரும்போது பாதம் பெரியவர்களையோ சிலையையோ பார்க்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் போக வேண்டியிருந்தால் கொஞ்சம் குனிந்து போங்கள். நமக்கு இதெல்லாம் புதிதல்ல. 2025 மே முதல் நாட்டுக்குள் நுழையுமுன் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், மறந்துவிடாதீர்கள். மின்சிகரெட் கொண்டுபோகாதீர்கள், அங்கே சட்டவிரோதம்.

படுக்கை விரிக்கும் சடங்கு என்று கேள்விப்பட்டேனே?

உண்டு. சண்டை சச்சரவு இல்லாமல், பிள்ளைகுட்டியோடு நெடுநாள் வாழ்ந்த ஒரு தம்பதியை அழைத்து, மணமக்களின் படுக்கையை விரிக்கச் சொல்வார்கள். அவர்களே முதலில் ஒரு நிமிடம் படுத்து எழுவார்கள். கட்டிலில் வெண்பூசணி, அம்மிக்கல், அரிசி, எள், ஒரு பூனை (இப்போது பொம்மைப் பூனை) எல்லாம் வைப்பார்கள். பூசணிபோலக் குளிர்ந்திரு, அடுப்புக் கல்போல வீட்டிலேயே நிலைத்திரு, கிழட்டுப் பூனைபோல வீட்டைக் காத்திரு என்று பழைய வாழ்த்து. விடுதி அறையில் பூசணிக்காயும் கல்லும் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் ஏறியது நானும் என் கணவரும்தான்.

நீர் வார்க்கும்போது என்ன சொல்ல வேண்டும்? அவர்கள் மொழி தெரியாதே?

இதைத்தான் சொல்ல வேண்டும் என்று எதுவும் இல்லை. உங்கள் மொழியில் சொல்லுங்கள். அம்மா முந்தின நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தார். முறை வந்ததும் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, சங்கை இரண்டு கையாலும் ஏந்தினார். கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரியே இருந்தது. நிதானமாக வார்த்துவிட்டு, "நல்லா இருங்க தாயி. ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காம இருங்க" என்றார். வழக்கமாக மாப்பிள்ளை பெண் இருவரும் தலை நிமிர மாட்டார்கள். நாத்தனார் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

அன்று ராத்திரி எல்லோரும் போன பிறகு, ஒட்டியாணத்தைக் கழற்றிக்கொண்டே, அம்மா என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். மேசையில் கிடந்த உறை ஒன்றை எடுத்து நீட்டி, அதை அப்படியே தமிழ் ஒலியிலேயே, ஆனால் தாய்லாந்து எழுத்தில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். 'தாயி' என்பதை மட்டும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டாள்.